மோட்டார்ஹோமில் சைக்கிள் ஏற்ற டோ-பார் மாட்டுகிறவர்களுக்கு

இங்கிலாந்தில் புதிதாக மோட்டார்ஹோம் வாங்கிய பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, "அங்கிள், எந்த சைக்கிள் ரேக் நல்லது?" என்பதுதான். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன் வண்டியின் எடை, ஆக்சில், சேசிஸ், வயரிங் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க வேண்டும். இந்த நாட்டில் வண்டிகளுக்கு அடியில் படுத்து வேலை பார்த்தே வயதானவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

சைக்கிளும் முகாம் வாழ்க்கையும் இங்கே பழைய சொந்தம். தாமஸ் ஹைரம் ஹோல்டிங் என்ற தையற்காரர் 1901-இல் சைக்கிளில் போய்க் கூடாரம் அடிப்பவர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். இன்றைய 'கேம்பிங் அண்ட் காரவானிங் கிளப்' அதிலிருந்து வளர்ந்ததுதான். அன்று சைக்கிள் கூடாரத்தைச் சுமந்தது. இன்று படுக்கையும் அடுப்பும் கொண்ட வண்டி சைக்கிளைச் சுமக்கிறது. மோட்டார்ஹோமை முகாமில் நிறுத்திவிட்டு ஊருக்குள் சைக்கிளில் போவதைவிட நல்ல பயணமுறை எனக்குத் தெரியாது. நீங்கள் அதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்பதே என் ஆசை.

1. எதையும் வாங்கும் முன் எடைமேடைக்குப் போங்கள். பயணம் கிளம்புவது போலவே வண்டியை நிரப்பிக்கொண்டு போங்கள்: டீசல் முழுக்க, தண்ணீர்த் தொட்டியில் வழக்கமாக நிரப்பும் அளவு, காஸ் சிலிண்டர், பாத்திரம், துணிமணி, மடக்கு நாற்காலி, குடும்பத்தில் அத்தனை பேரும். மொத்த எடை ஒரு தடவை, முன் ஆக்சில் தனியாக, பின் ஆக்சில் தனியாக என்று மூன்று எடையும் எடுத்துச் சீட்டு வாங்கி வையுங்கள். விற்பனைப் புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் எடையை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். அது தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த வண்டியின் எடை. அதன்பின் ஏறிய சோலார் தகடு, இரண்டாவது பேட்டரி, பக்கவாட்டில் விரிக்கும் ஆனிங் எதுவும் அதில் இராது.

2. எடைத் தகட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அதில் நான்கு எண்கள் இருக்கும். முதலாவது வண்டி எட்டக்கூடிய அதிகபட்ச மொத்த எடை. இரண்டாவது வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த எடை. மூன்றாவது முன் ஆக்சிலின் எல்லை, நான்காவது பின் ஆக்சிலின் எல்லை. ஒரே மோட்டார்ஹோமில் இரண்டு மூன்று தகடுகள் இருப்பது சகஜம். அடிப்படை வண்டியைச் செய்த ஃபியட் போன்ற நிறுவனம் ஒன்று அடித்திருக்கும், சேசிஸை மாற்றியவர் ஒன்று, மேலே வீட்டைக் கட்டியவர் ஒன்று. கடைசியாக வேலை செய்தவரின் தகடுதான் செல்லும். 3500 கிலோ ஃபியட் டுகாட்டோ வண்டிகள் பலவற்றில் முன் எல்லை 1850, பின் எல்லை 2000 என்று பார்க்கலாம். இரண்டையும் கூட்டினால் 3850 வருகிறது என்பதற்காக அவ்வளவு ஏற்ற முடியாது. மொத்தமும் தாண்டக் கூடாது, தனித்தனி ஆக்சிலும் தாண்டக் கூடாது. சைக்கிள் விஷயத்தில் பெரும்பாலும் முதலில் இடிப்பது நான்காவது எண்.

3. இதை நிதானமாகப் படியுங்கள். மற்ற அத்தனையும் இதில்தான் நிற்கிறது. பின் சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் எடை, தன் அளவோடு நிற்பதில்லை. கிணற்று ஏற்றத்தில் நுனியை நோக்கி நடக்கும் ஆளின் எடை போல, தள்ளிப் போகப் போக அதன் வேலை கூடிக்கொண்டே போகும். பின் ஆக்சில்தான் இங்கே அச்சாணி. பின்னால் எடை அமுக்கும்போது முன் சக்கரங்கள் மேலே தூக்கப்படுகின்றன; அங்கே குறைந்த எடையும் சேர்ந்து பின் ஆக்சிலின் தலையில் விழுகிறது.

கணக்கு எளிதுதான். முன் ஆக்சிலிலிருந்து சுமை இருக்கும் இடம் வரை அளந்து, அதை வீல்பேஸால், அதாவது இரண்டு ஆக்சில்களுக்கும் இடையே உள்ள தூரத்தால், வகுத்து, சுமையின் எடையால் பெருக்குங்கள். வருவது பின் ஆக்சிலில் கூடும் எடை. ஓர் உதாரணம் போடுவோம். வீல்பேஸ் 3.8 மீட்டர். இரண்டு மின் சைக்கிள், ஒவ்வொன்றும் 25 கிலோ. ரேக் 18 கிலோ. ஆக 68 கிலோ, பின் ஆக்சிலுக்கு 2.6 மீட்டர் பின்னால் தொங்குகிறது. 3.8-உம் 2.6-உம் சேர்ந்த 6.4-ஐ 3.8-ஆல் வகுத்து 68-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 115 கிலோ. ரேக்கைத் தாங்கும் டோ-பாரையும் மறக்க வேண்டாம். அது 40 கிலோ என்றும், ஆக்சிலுக்கு 2 மீட்டர் பின்னால் இருக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், இன்னொரு 61 கிலோ. நீங்கள் ஏற்றியது 108 கிலோ. பின் ஆக்சில் வாங்கிக்கொண்டது 176 கிலோ. முன் ஆக்சில் 68 கிலோ இலேசாகிவிட்டது.

எடைமேடைச் சீட்டில் பின் ஆக்சில் 1880 என்று இருந்தால் இந்த ஏற்பாடு உங்களுக்கு இல்லை. அல்லது பின்பக்கத்தில் வேறு ஏதாவது இறங்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி பின்னால் இருக்கும் வண்டியில் முழுத் தொட்டியோடு சாலையில் போகத் தேவையில்லை. ஒரு லிட்டர் ஒரு கிலோ. முகாமில் போய் நிரப்பிக்கொள்ளலாம்.

முன் சக்கரம் இலேசாவதையும் சிறிய விஷயமாக எண்ணாதீர்கள். டுகாட்டோ முன் சக்கரத்தால் இழுக்கும் வண்டி. மழை பெய்த முகாம்களின் புல்தரையில் இந்த வண்டிகள் சறுக்கி நின்றுவிடுவதற்குப் பாதிக் காரணம், பின்னால் ஏற்றிய பாரம். ஈரச் சாலையில் ஸ்டீயரிங்கின் பிடிமானமும் அதே அளவுக்குக் குறைகிறது.

4. பின்பக்கம் தாழ்ந்துவிட்டது என்று காற்றுப் பை சஸ்பென்ஷன் போட்டால் வண்டி நிமிர்ந்து நிற்கும், ஓட்டவும் சுகமாக இருக்கும். ஆனால் தகட்டில் உள்ள எல்லை ஒரு கிலோகூட ஏறாது. அதை உயர்த்த வேண்டுமானால் முறைப்படி மறுமதிப்பீடு செய்து புதுத் தகடு வாங்க வேண்டும். டயரின் தாங்கும் அளவும் அதற்கு ஒத்துப்போக வேண்டும். மொத்த எடையை 3500-க்கு மேல் உயர்த்த நினைத்தால் முதலில் உங்கள் லைசென்ஸை எடுத்துப் பாருங்கள். பிரிட்டனில் 1997 ஜனவரி 1 முதல் கார் தேர்வு எழுதித் தேறியவர்களுக்கு டீசல் வண்டியில் 3500 கிலோதான் வரம்பு. அதற்கு மேல் சி1 பிரிவுக்குத் தனித் தேர்வு. அப்பாவின் லைசென்ஸில் சி1 இருக்கும், பிள்ளையின் லைசென்ஸில் இராது. யார் ஓட்டப் போகிறார்கள் என்பதை வீட்டில் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

5. பின் சுவரில் மாட்டும் ரேக்கை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இலேசான சாதாரண சைக்கிள் இரண்டு, சுவருக்குள் அதற்கென்றே வலுவூட்டிய சட்டம் இருக்கும் வண்டி என்றால் அது போதும். செலவு குறைவு, டோ-பாரின் 40 கிலோவும் மிச்சம். மின் சைக்கிள் வந்தபிறகுதான் கதை மாறியது. மோட்டார்ஹோமின் சுவர் பெரும்பாலும் மெல்லிய தகடும் நுரையும் ஒட்டிய பலகை. சாலையில் ஒவ்வொரு குழிக்கும் அந்த போல்ட்டுகள் சுவரை இழுத்து இழுத்து விடுகின்றன. ஓட்டையைச் சுற்றி அடைத்த பசை ஒரு நாள் விரிசல் விடும், மழைநீர் உள்ளே இறங்கும். ஈரம் தெரிய வரும்போது உள்மரம் ஊறிப் போயிருக்கும். அந்தப் பழுதுக்கு ஆகும் செலவில் நல்ல டோ-பார் ஒன்றை வாங்கியிருக்கலாம். அதோடு, 25 கிலோ சைக்கிளை நெஞ்சு உயரத்துக்குத் தூக்குவது ஐம்பது வயதுக்கு மேல் முதுகுக்கு நல்லதல்ல. டோ-பார் ரேக் முழங்கால் உயரத்தில் இருக்கும். சில ரேக்குகளில் சரிவுப் பலகை வைத்து உருட்டியே ஏற்றலாம்.

6. டோ-பார் சேசிஸில் பிடிக்க வேண்டும். இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்று நினைப்பீர்கள். ஆனால் வேனைப் போல மோட்டார்ஹோமில் சேசிஸ் கடைசி வரை நீண்டு வருவதில்லை. பல வண்டிகளில் பின் ஆக்சிலுக்குச் சற்றுப் பின்னால் அது முடிந்துவிடும். மீதி ஒன்றரை மீட்டர், சில சமயம் அதற்கும் மேல், வெறும் தரைப்பலகையும் பிளாஸ்டிக் பம்பரும்தான். அங்கே சேசிஸை நீட்டும் துண்டுகள் போட்டு, அதன் மேல்தான் டோ-பாரை ஏற்ற வேண்டும். அந்தத் துண்டுகளும் எடைதான், கணக்கில் சேருங்கள்.

உங்கள் வண்டியில் இருப்பது ஃபியட் சேசிஸா, ஆல்-கோ சேசிஸா என்று குனிந்து பாருங்கள். ஆல்-கோ என்றால் கேபினுக்குப் பின்னால் துத்தநாகம் பூசிய, வெள்ளி நிறத்தில் மின்னும் சட்டங்கள் இருக்கும். அதில் நம் இஷ்டத்துக்குத் துளை போடவோ வெல்டிங் வைக்கவோ கூடாது. பூச்சும் போகும், பலமும் போகும். அதற்கென்று செய்த டோ-பார் கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். அடியில் படுத்திருக்கும்போதே கழிவுநீர்த் தொட்டியின் குழாய், ஸ்டெப்னி, பின்பக்க ஊன்றுகால்கள், புகைக்குழாய் ஆகியவை எங்கே இருக்கின்றன என்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் கொடுக்கும் முன் அந்தப் படங்களைக் கடைக்காரருக்கு அனுப்பினால், வந்த சாமான் பொருந்தவில்லை என்ற தலைவலி பாதி குறையும்.

7. "அங்கிள், நான் டிரெய்லர் இழுக்கப் போவதில்லை, சைக்கிள் மட்டும்தான். ஏதாவது மலிவானது போதாதா?" என்று கேட்காத ஆளில்லை. போதாது. டிரெய்லருக்குச் சொந்தச் சக்கரம் இருக்கிறது; தன் பாரத்தின் பெரும்பகுதியை அது தானே தாங்கிக்கொண்டு, கொஞ்சத்தை மட்டும் டோ-பாரின் நுனியில் இருக்கும் உருண்டையின் மேல் வைக்கிறது. சைக்கிள் ரேக்குக்குச் சக்கரம் கிடையாது. முழுப் பாரமும் அந்த 50 மில்லிமீட்டர் உருண்டையையும் அதன் கழுத்தையும் பிடித்துத் தொங்குகிறது, குலுங்குகிறது, முறுக்குகிறது. செங்குத்துச் சுமையைப் பொறுத்தவரை சைக்கிள் ரேக்தான் கடினமான வாடிக்கை.

8. ஆகவே டோ-பாரின் தகட்டில் 'எஸ்' என்று போட்டிருக்கும் எண்ணை முதலில் தேடுங்கள். உருண்டையின் மேல் வைக்கக்கூடிய அதிகபட்சச் செங்குத்து எடை அது. எஸ் 75 என்றால், 18 கிலோ ரேக் போக 57 கிலோ. இரண்டு மின் சைக்கிளுக்கு அது போதும், மூன்றாவதற்கு இடமில்லை. ரேக்குக்கும் தனி வரம்பு உண்டு. இரண்டு சைக்கிள் ரேக்குகள் பலவற்றில் மொத்தம் 60 கிலோ. டோ-பார், ரேக் இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை. 'டி' என்ற எண் டிரெய்லர் இழுப்பவர்களுக்கானது. வட்டத்துக்குள் 'இ' எழுத்தும் நாட்டு எண்ணும், ஐநா விதி 55-இன்படி பெற்ற ஒப்புதல் எண்ணும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். தகடே இல்லாத டோ-பாரை யார் பாதி விலைக்குக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

9. உருண்டையில் இரண்டு வகை. அன்னக் கழுத்து போல வளைந்து வரும் ஒற்றைத் துண்டு ஒன்று. தட்டையான முகத்தில் இரண்டு போல்ட் போட்டு இறுக்கும் வகை இன்னொன்று. சைக்கிள் ரேக்குக்கு முதல் வகையே நல்லது. இரண்டாவதில் பல ரேக்குகளின் பிடி அந்தத் தட்டில் இடிக்கும், முழுதாக உட்காராது. உருண்டையின் நடுப்புள்ளி, வண்டியில் பாரம் ஏற்றிய நிலையில், தரையிலிருந்து 350 முதல் 420 மில்லிமீட்டருக்குள் இருப்பது டிரெய்லருக்கான அளவு. ரேக்குக்கும் அது வசதியான உயரம்தான். கழற்றக்கூடிய கழுத்து வாங்கினால், சைக்கிள் இல்லாத நாட்களில் கழற்றி வைத்துவிடலாம். நீண்ட பின்பகுதி உள்ள வண்டி கப்பல் சரிவில் ஏறும்போது முதலில் தரையில் உரசுவது அந்தக் கழுத்துதான்.

10. நீங்களே மாட்டலாமா? கை வேலை தெரிந்தவர்கள், வண்டியைப் பத்திரமாக உயர்த்தி நிறுத்த வசதி உள்ளவர்கள் செய்யலாம், சட்டம் தடுக்கவில்லை. எனினும் முதல் தடவை என்றால், மோட்டார்ஹோமில் பழக்கப்பட்ட டோ-பார் கடைக்குக் கொண்டுபோங்கள் என்றுதான் சொல்வேன். கார் வேலை மட்டும் பார்க்கும் கடை வேறு, இது வேறு. செய்வதாக இருந்தால், பெட்டியோடு வந்த போல்ட்டுகளை மட்டும் போடுங்கள். தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கும். பட்டறை மூலையில் கிடந்த போல்ட் அதற்கு ஈடாகாது. சேசிஸ் சட்டத்தில் பூசிய அடிப்பூச்சை, டோ-பார் தொடும் இடத்தில் சுரண்டி எடுங்கள். பூச்சின் மேலேயே வைத்து இறுக்கினால் நாளடைவில் பூச்சு நசுங்கி போல்ட் தளரும். துளை போட அனுமதி உள்ள இடத்தில் போட்டால், வெட்டிய விளிம்புக்குப் பெயின்டும் மெழுகும் வையுங்கள். பொருத்தும் தாளில் கொடுத்த அளவுக்கு டார்க் ஸ்பேனரால் இறுக்குங்கள். கை உணர்வுக்கு இங்கே வேலை இல்லை. 1000 கிலோமீட்டர் ஓடியதும் எல்லாவற்றையும் மறுபடி அதே அளவுக்குச் சோதியுங்கள். இந்த மறுசோதனையைத்தான் அநேகம் பேர் விட்டுவிடுகிறார்கள்.

11. வயரிங்கில் குறுக்குவழி தேடாதீர்கள். இன்றைய வண்டிகளில் விளக்குகளைக் கணினி கவனிக்கிறது. பின் விளக்கு வயரைக் கடித்துப் பிடிக்கும் கிளிப்பால் இணைத்தால், பல்பு போய்விட்டது என்று டாஷ்போர்டு அலறும்; அதற்கும் மேலே போனால் கட்டுப்பாட்டுப் பெட்டியே பழுதாகும். வண்டிக்கென்று வரும் வயரிங் கிட் போடுங்கள். இல்லையென்றால் பைபாஸ் ரிலே போடுங்கள். அது விளக்கு வயரிலிருந்து சைகையை மட்டும் எடுத்துக்கொண்டு, மின்சாரத்தை ஃபியூஸ் வழியாக பேட்டரியிலிருந்து நேரே எடுக்கும். சாக்கெட் 13 முனை உள்ளதாக இருக்கட்டும். இன்றைய ரேக்குகள் பெரும்பாலும் அதோடுதான் வருகின்றன, ரிவர்ஸ் விளக்கும் அதில் அடங்கும். ஆண்டுதோறும் வண்டியின் தகுதி பார்க்கும் எம்ஓடி சோதனையில் டோ-பாரையும் 13 முனை சாக்கெட்டையும் பார்ப்பார்கள். பின்பக்க சென்சார் உள்ள வண்டியில், ரேக் மாட்டியதும் அது ஓயாமல் கத்தும். அணைக்க வழி இருக்கிறதா என்று வயரிங் செய்பவரிடமே கேளுங்கள்.

12. ரேக் ஏறியதும் பின் விளக்கோ நம்பர் பிளேட்டோ மறைந்தால், ரேக்கில் விளக்குப் பலகையும் மூன்றாவது பிளேட்டும் இருந்தே ஆக வேண்டும். பிளேட் மறைந்திருந்தால் இங்கே 1000 பவுண்டு வரை அபராதம் போட இடமுண்டு. அட்டையில் பேனாவால் எழுதி ஒட்டுவது செல்லாது. பதிவுபெற்ற கடையில் ஆவணம் காட்டி மஞ்சள் பிளேட் செய்து வாங்குங்கள். கிளம்பும் முன் ஒருவர் பின்னால் நிற்க, பிரேக், இடது, வலது, பனி விளக்கு என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

13. ஏற்றும் முறை: கனமான சைக்கிள் வண்டியை ஒட்டி, இலேசானது வெளியே. மின் சைக்கிளின் பேட்டரியைக் கழற்றி வண்டிக்குள் வையுங்கள். ஒரு சைக்கிளுக்கு மூன்று கிலோ குறைகிறது என்றால், தொங்கும் இடத்தில் அது ஐந்து கிலோ. கார்பன் சட்டத்தை ரேக்கின் கவ்வியால் இறுக்க வேண்டாம், நசுங்கும்; தனிப் பட்டையால் கட்டுங்கள். புகைக்குழாயின் வாய் சைக்கிள் டயரை நோக்கியிருந்தால் டயர் உருகும். வாயைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுங்கள். மழைக்கு உறை போடுவது பார்க்கப் பத்திரமாகத் தெரியும். ஆனால் வேகத்தில் அது காற்றைப் பிடித்து ரேக்கை இழுக்கும், விளக்கையும் மறைக்கும். பல ரேக் நிறுவனங்கள் உறை போடவே கூடாது என்கின்றன. முதல் நாள் 20 கிலோமீட்டர் தாண்டியதும் நிறுத்தி, எல்லாப் பட்டைகளையும் கையால் இழுத்துப் பாருங்கள்.

14. பின் இரட்டைக் கதவுள்ள வேன் வகை வண்டி என்றால், ரேக் இருக்கும்போது கதவு திறக்குமா என்று முன்கூட்டியே பாருங்கள். பக்கவாட்டில் திரும்பி வழிவிடும் ரேக் இருக்கிறது. எடை கூடுதல், ஆகவே மூன்றாவது குறிப்பின் கணக்கை மறுபடி போடுங்கள்.

15. கடல் தாண்டும்போது வண்டியின் நீளத்தை ரேக்கோடு சேர்த்துச் சொல்லுங்கள். போர்ட்ஸ்மத்திலிருந்து சான்டாண்டர் போகும் கப்பலானாலும் டோவர் கப்பலானாலும் இடம் நீளக் கணக்குதான். மறைத்தால் துறைமுகத்தில் கூடுதல் பணம் கட்ட நேரும், இடமில்லாமலும் போகலாம். ஸ்பெயினிலும் இத்தாலியிலும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சுமைக்கு 50-க்கு 50 சென்டிமீட்டரில் சிவப்பு வெள்ளைச் சாய்கோடு போட்ட ஒளிரும் பலகை கட்ட வேண்டும். இரண்டு நாட்டுப் பலகையிலும் கோடுகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. இத்தாலிக்கு அலுமினியப் பலகை வாங்குங்கள்.

16. வேலை முடிந்த அன்றே காப்பீட்டுக்காரருக்கு எழுதித் தெரிவியுங்கள்; டோ-பார் வண்டியில் செய்த மாற்றம், அவர்களுக்குத் தெரிய வேண்டியது. ஒப்புதல் சான்று, பொருத்தும் தாள், எடைமேடைச் சீட்டு மூன்றையும் ஒரே உறையில் வையுங்கள். கழற்றும் கழுத்துக்கு வரும் சாவியில் ஓர் எண் இருக்கும். அதையும் அந்த உறையின் மேல் எழுதிவிடுங்கள், சாவி தொலைந்தால் அந்த எண்ணைக் கொண்டுதான் புதிது வாங்க முடியும். பிறகு சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு இன்னொரு தடவை எடைமேடைக்குப் போய் வாருங்கள். கணக்குப் போட்டது சரியா என்று அந்தச் சீட்டு சொல்லிவிடும்.